படத்துக்குத் தூக்கிய கை

"எல்லாரும் கையை மேல தூக்குங்க, தோள்பட்டைக்கு நல்லது," என்கிறார் சூப்பர்வைசர், செல்போனை நீட்டிப் படமெடுத்தபடி. நேற்று இதே வாய்தான், "கை என்ன பூப்பறிக்குதா?" என்று விரட்டியது. தையல் ஆலையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி மிதக்கிறது. காலர் தைப்பவளின் வலது கை தோளுக்கு மேல் ஏற மறுக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் அதைப் பிடித்துத் தூக்குகிறாள். "சிரிங்கம்மா, நம்மகிட்ட துணி வாங்குற வெளிநாட்டு கம்பெனிக்காரங்க பாப்பாங்க." அவள் சிரிக்கவில்லை. "போதும், உக்காருங்க. டார்கெட் அப்படியே கிடக்கு." மெஷின்கள் உறுமுகின்றன. அவள் மட்டும் தூக்கிய கையோடு நிற்கிறாள். "காதுல விழலையா?" "விழுது சார். கைதான் இறங்க மாட்டேங்குது." அவளிடமிருந்து காலர் வராமல் பக்கத்து மெஷின் ஓய்கிறது, அதற்கடுத்ததும். "இறக்கும்மா," சூப்பர்வைசரின் குரல் கெஞ்சுகிறது. "இப்ப எடுங்க சார் படம்," என்கிறாள்.