முடிவுரை மட்டும் பாக்கி

“போனை வெளியில வெச்சிட்டு உள்ள வாங்க சார். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்,” என்றாள் ஹாலைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த டீச்சர், கொஞ்சம் சங்கடத்தோடு.

அவர் மறுபேச்சில்லாமல் போனை அணைத்து வாசல் மேஜைமேல் வைத்தார். அந்த ரூல்கள் அவருக்கு வரிசை நம்பரோடு மனப்பாடம். ஆபீஸில் அவருக்குக் ‘கறார்’ என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டாமா?

முப்பது பெஞ்சு போட்ட ஹாலில் அவர் ஒருவர்தான். காப்பியடிக்கலாம் என்றால்கூட ஆளில்லை. வராந்தாவில் தலைமை அலுவலகத்துக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உலாவிக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. கேள்வித்தாளைத் திருப்பினார். ‘பொது நூலகங்கள் இனியும் தேவையா? இரு தரப்பு வாதங்களையும் உதாரணங்களுடன் அலசி, உங்கள் முடிவைக் காரணத்தோடு ஐந்நூறு சொற்களுக்குக் குறையாமல் எழுதுக. நேரம்: அரை மணி.’

தெரிந்த கேள்விதான். ஒரு எழுத்துகூட மாறாமல் வந்திருந்தது. அந்தத் தைரியத்தில்தான் ஒரு வாரமாகப் பேனாவைத் தொடாமல் இருந்துவிட்டார்.

காலையில் கிளம்பும்போது மனைவி கேட்டாள். “மேல இருக்கறவங்க சொன்னா, இந்த வயசுல போய் பரீட்சை எழுதணுமா?”

“எழுதித்தான் ஆகணும்.”

“முடிக்க முடியலன்னா?”

“அது அரை மணியில முடிக்கிற கட்டுரை. முடியும்.”

“ஒருவேளை முடியலன்னா?”

“அப்புறம் அந்த நாற்காலியில நான் உட்கார முடியாது. போதுமா?”

அவள் அவருடைய சட்டைப்பையில் இரண்டு பேனாவைச் செருகி அனுப்பிவைத்தாள்.

ஐந்து நிமிடம் யோசிக்க, இருபது எழுத, கடைசி ஐந்து திருத்த என்று கணக்குப் போட்டார். முதல் வாக்கியம் எழுதினார், பிடிக்கவில்லை, அடித்தார். இரண்டாவது மேடைப் பேச்சு மாதிரி இருந்தது, அதையும் அடித்தார். மூன்றாவது ஒருவழியாக ஒழுங்காக வந்தபோது ஒன்பது நிமிடம் போயிருந்தது.

சரி, விரட்டிப் பிடித்துவிடலாம் என்று எழுதினார். நூலகம் வேண்டும் என்கிற தரப்பு நன்றாகத்தான் வந்தது. ஆனால் பத்தி முடிவதற்குள் கட்டைவிரல் மரத்துப்போனது. வருஷக்கணக்காகக் கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுதாத கையைக் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்? உதறினார், எழுதினார், மறுபடி உதறினார்.

“பாதி நேரம் ஆச்சு சார்.”

“தெரியுது.”

தெரிந்து என்ன செய்ய? சொற்களை எண்ணிப் பார்த்தார். நூற்று எழுபத்தாறு. எண்ணியதிலேயே ஒன்றரை நிமிடம் போய்விட்டது. அந்த எரிச்சலில் அடுத்து என்ன சொல்லவந்தோம் என்பதே மறந்துபோனது.

நிமிர்ந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் தன் அம்மாவோடு நின்றிருந்தாள். பதினாறு, பதினேழு வயதிருக்கும். கையில் நாலாக மடித்த ஒரு கடிதத்தோடு, நின்றுபோன அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் காது மடல் சுட்டது.

“தண்ணி குடுக்கட்டுமா சார்?” என்றாள் டீச்சர்.

“வேணாம்மா. குடிக்க ஏது நேரம்?”

நூலகம் வேண்டாம் என்கிற தரப்பைக் கிடைத்த வார்த்தையில் அள்ளித் தெளித்தார். தலைக்குள் ஏழெட்டு உதாரணங்கள் வரிசை கட்டி நின்றன. கை வழியாக ஒன்றுகூட இறங்க மாட்டேன் என்றது. எல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. அழவும் நேரமில்லை.

“கடைசி ரெண்டு நிமிஷம் சார்.”

கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி ஆகிவிட்டது. ‘ஆகவே, எனது முடிவு என்னவென்றால்’ என்று ஆரம்பித்தார். மணி அடித்தது.

“பேனாவ கீழ வெச்சிடுங்க சார்.”

“அஞ்சே நிமிஷம்மா!” ‘கறார்’ கெஞ்சி யாரும் கேட்டதில்லை; இப்போது கெஞ்சினார். “முடிவுரை மட்டும்தான் பாக்கி. எனக்கு எல்லாம் தெரியும்மா. நேரம்தான் பத்தல.”

டீச்சர் விடைத்தாளின் ஒரு முனையைப் பிடித்தபடி, இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றாள். ஜன்னல் பக்கமிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

“போன மாசம், இதே கேள்விக்கு, நானும் இப்படித்தான் சார் கெஞ்சினேன். அதத்தான் தலைமை ஆபீஸுக்கு எழுதிப் போட்டேன்.”

அவர் திரும்பி டீச்சரைப் பார்த்தார். அவள் தாளை மெல்ல உருவிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

“இந்தக் கேள்விய எடுத்து, இதுக்கு அரை மணி தாராளம்னு போட்டதே நீங்கதானே சார்?”