காத்திருந்து மூடியவர்கள்

ஆம்புலன்ஸ் அழைக்கும் செயலிக்கு வரும் கோரிக்கைகளை ஆறு சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சர் என் பொறுப்பு. சர்வர் பிழை என்று பதில் சொன்னால் அது பிழைக் கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். பதில் வருமுன் கேட்டவரே செயலியை மூடிவிட்டால் கூட்ட வேண்டாம் என்று விதி எழுதியவன் நான்தான். அதற்குமுன் அவற்றையும் எண்ணி அலாரம் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

என் மனைவி ஜெசிந்தா போனபின் நான் வேலைக்குத் திரும்பிய அன்று, அவள் இறந்த பிற்பகலின் அறிக்கையைத் திறந்தேன். பிழைகள்: பூஜ்யம். பதிவுகளில் அவள் எண் இருந்தது. மூன்றாவது சர்வரின் பதிலுக்காக நான்கு நிமிடம் காத்திருந்து மூடியிருக்கிறாள். ஆட்டோ பிடிக்க இறங்கியவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அது சர்வர் கணக்குல வராதுண்ணே. அண்ணியேதான கட் பண்ணிருக்காங்க" என்றான் பக்கத்து இருக்கை எழிலரசன். பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

விதியை அழித்தேன். மாலைக்குள் காத்திருந்து மூடியவர்களின் எண்ணிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு. அலாரம் நிற்கவே இல்லை.

"மேனேஜர் கத்துறாருண்ணே. பழையபடி மாத்திடவா?"

மூடியவர்கள் பட்டியலின் முதல் எண்ணை என் கைப்பேசியில் அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. நான் துண்டிக்கவில்லை.