கண்ணாடித் தட்டில் ஜெயித்த துளி

டிரிப்ஸ் குழாயில் இறங்கும்போதே மருந்துத் துளிக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் புற்றுக்கட்டியை ஒரே நாளில் கரைத்த துளி அது. "அவனை எனக்குத் தெரியாதா?" என்று வழியெல்லாம் பீற்றிக்கொண்டே போனது.

போய்ப் பார்த்தால், அக்கம்பக்கத்துச் செல்கள் எல்லாம் சேர்ந்து கட்டியைச் சுற்றி மதில் எழுப்பியிருந்தன. ரத்தக்குழாய்கள் பாதி முட்டுச்சந்து. வாசலில் உடம்பின் காவல்காரனான வெள்ளையணு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

"யோவ், அவனைப் பிடிக்கிறதுதானே உன் வேலை?" என்றது துளி.

"பிடிக்கத்தான் வந்தேன். 'உட்காருங்க'ன்னார், உட்கார்ந்துட்டேன். அண்ணனைப் பத்தித் தப்பாப் பேசாதே. இந்தத் தெருவுக்கு ரத்தம் வரவெச்சதே அவர்தான்."

யார் வாயிலிருந்து பிடுங்கிய ரத்தம் என்று கேட்கத் துளிக்குத் தோன்றவில்லை. மதிலில் முட்டி முட்டி, "தைரியம் இருந்தா தனியா வாடா! அன்னைக்குத் தட்டுல வாங்கினது மறந்துபோச்சா?" என்று கத்தியது.

கட்டி உள்ளேயிருந்தே சிரித்தது. "அன்னைக்கு எனக்கு அக்கம்பக்கம் இல்லையேப்பா."

மறுநாள் சிறுநீரோடு வெளியேறும்போதும், பக்கத்தில் வந்த துளியிடம் அது கண்ணாடித் தட்டுக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.