எண்மாற்றியின் ஒழுக்கம்

பாற்பண்ணைக் கொப்பரையில் தொங்கிய வெப்பமானி அலறியது: "அண்ணே, பால் பொங்கப்போகிறது! கணினிக்குச் சொல்லுங்கள், அடுப்பை அணைக்கட்டும்."

சூட்டை எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்பும் எண்மாற்றி கண்ணைத் திறக்கவில்லை. "ஆணைமணி அடிக்காமல் அளப்பது எங்கள் குலத்திலேயே இல்லை, தம்பி."

வெப்பமானி ஆணைமணியிடம் ஓலமிட்டது. மணியோ அசையவில்லை.

"மாலை ஆறுக்கு அடிப்பேன். அதற்கு முன் அடிக்கவேண்டுமானால், சூடு தொண்ணூறைத் தாண்டியதாக எண்மாற்றி எண் தரவேண்டும்."

"நீங்கள் அடிக்காமல் அவர் கண் திறக்கமாட்டாரே!"

"எப்படித் திறப்பார்? ஒழுக்கசீலர் அல்லவா!"

பால் முழுவதும் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. கொப்பரை ஆறியது. ஆறுக்கு மணி அடித்தது. எண்மாற்றி விழித்து, கம்பீரமாக அறிவித்தது: "முப்பது டிகிரி. பால் பொங்கும் அபாயம் இல்லை."

காலிக் கொப்பரையில் தொங்கிய வெப்பமானி தன் அளவைச் சரிபார்த்தது. எண் மிகச் சரியாக இருந்தது.