தாழ்ப்பாள் வாங்க வந்தவர்

இரும்புக் கடைக்குள் சாய்ந்து விழும் காலை வெயில், வரிசையாகத் தொங்கும் அரிவாள்களின் விளிம்பில் மட்டும் பளிச்சிடுகிறது. ஆற்றுக்கு அக்கரையில் குடியிருக்கும் தையல்காரர் நான்கு தாழ்ப்பாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். இந்த வாரம் தாழ்ப்பாள் வாங்க வந்த அக்கரைக்காரர்களில் அவர் ஒன்பதாவது ஆள். எதற்கு என்று கடைக்காரர் யாரிடமும் கேட்கவில்லை. வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுக் கடைக்காரரின் அக்கா மகன் உள்ளே வருகிறான். தையல்காரரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். “பத்து அரிவாள் வேணும் மாமா.” “அறுப்புக்கு இன்னும் மூணு மாசம் கிடக்கேடா.” “அறுப்புக்கு இல்ல. அக்கரையில வீட்டுக்கு வீடு ஆயுதம் சேக்குறாங்களாம். ஊரே பேசுது.” கடைக்காரர் தையல்காரரின் கையிலிருந்து ஒரு தாழ்ப்பாளை வாங்கி இரும்பு மேசைமேல் வைக்கிறார். “அவங்க வாங்குறது இதைத்தான். விக்கிறவன் சொல்றேன். அக்கரையே கதவைப் பூட்டிக்கிட்டுப் பயந்து கிடக்குது. உனக்கு அரிவாள் கிடையாது, போ.” “நீங்க யார் பக்கம் மாமா?” கடைக்காரர் நான்கு தாழ்ப்பாளுக்கும் பில் எழுதுகிறார். மின்விசிறி கடகடக்கிறது. மேசை விளிம்பின் துருவை அவன் நகத்தால் சுரண்டுகிறான். தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். “தம்பி, உங்க கல்யாணச் சட்டை தச்சு ரெண்டு நாளாச்சு. கழுத்து மட்டும் ஒரு தடவை போட்டுப் பாத்துரணும்.” சுரண்டிய விரல் நிற்கிறது. தலை நிமிராமலே கேட்கிறான்: “எப்ப வரட்டும் அண்ணே?”