காயாத நீலம்

"படகுக்கு வினைல் ஸ்டிக்கர்தான். நாளைக்கே ஒட்டுறோம், மறுநாள் தண்ணில இறக்குறோம். பேச்சே கிடையாது."

"பெயிண்ட்தான் அடிக்கணும்" என்றாள் மனைவி, சோற்றுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தியபடி.

துறைமுகத்தில் அந்தப் படகுக்காரருக்கு 'அவசரம்' என்றே பெயர். சோறு வேகும் முன்பே கையைக் கழுவிவிட்டு உட்காரும் ஆள். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வந்ததிலிருந்து அந்த அவசரம் இரண்டு மடங்காகியிருந்தது. ஊரே கடலுக்குப் போய்க்கொண்டிருக்க, அவர் படகு மட்டும் பெயிண்ட் உரிந்து கரையில் கிடந்தது.

"ஸ்டிக்கர் கடைக்காரர் சொல்றார், பஸ்ஸுக்கு ஒட்டுற மாதிரி சுத்தி ஒட்டிடலாமாம். காய வைக்கிற வேலையே இல்லை."

"உப்புத் தண்ணி. ஓரம் பிரிஞ்சுக்கும்."

"பிரிஞ்சா மறுபடி ஒட்டிக்கிறேன்."

"பழசைச் சுரண்டணும், பட்டி வைக்கணும், ரெண்டு கோட்டிங் அடிக்கணும். என் தம்பி பாத்துக்குவான்."

"அப்படிச் சொல்லு. உன் தம்பி சும்மா இருக்கான், அதுக்கு என் படகு பலி."

படகு மனைவி பெயரில் இருந்தது. அதனால் மறுநாளே மச்சான் உப்புத்தாளும் பெயிண்ட் டப்பாவுமாக வந்து இறங்கினான்.

வேலையை என்னவோ சட்டென்று முடித்துவிட்டான். நல்ல கடல் நீலம். அதற்கப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது.

"தொட்டுப் பாக்கவா?"

"கண்ட இடத்துல கை வைக்காதீங்க அத்தான். ரேகை விழுந்தா மறுபடி முதல்ல இருந்து பூசணும். தொட்டே ஆகணும்னா படகோட மூக்கு நுனியைத் தொடுங்க. அது காஞ்சா எல்லாம் காஞ்ச மாதிரி."

மறுபடி பூசுவதென்றால் இன்னும் தாமதம். அவசரம் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பயந்தார். தினமும் காலைக் காபி முடிந்ததும் கரைக்குப் போவார். படகின் மூக்கு நுனியைத் தொடுவார். விரலில் நீலம் ஒட்டும். வயிற்றுத் தையலைத் தடவிக்கொண்டே திரும்பி வருவார்.

"இது என்ன பெயிண்டா, களிம்பா? வெயில் மண்டையைப் பொளக்குது, காயவே மாட்டேங்குதே!"

"கடல் காத்து அத்தான். ஈரம்."

"மத்த படகுக்கு அடிச்ச பெயிண்ட் எல்லாம் பாலைவனத்துலயா காஞ்சுது?"

மச்சான் தலையைக் குனிந்துகொள்வான். வீட்டுக்கு வந்தால் மனைவி அந்த விரலை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துவிடுவாள். "உன் தம்பி மட்டமான சரக்கை வாங்கி அடிச்சிருக்கான்" என்பார். அவள் விரலை இன்னும் அழுத்தித் துடைப்பாள்.

அவர் விடவில்லை. துறைமுகம் முழுக்க மச்சானின் மானத்தை வாங்கினார். பக்கத்துப் படகுக்காரர் தன் படகையும் பெயிண்ட் அடிக்க அவனுக்கே கொடுப்பதாக இருந்தார். இவர் பேச்சைக் கேட்டு வேறு ஆளைத் தேடத் தொடங்கினார். அது காதில் விழுந்தும் மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. குற்றமுள்ளவன் வேறு எப்படி இருப்பான்?

ஒரு நாள் பொறுமை அறுந்துவிட்டது. மனைவியிடம் மூச்சு விடாமல், காபிகூடக் குடிக்காமல், விடிந்ததும் விடியாததுமாக ஸ்டிக்கர் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனார்.

"ஈரத்துக்கு மேலயே ஒட்டிடு. வர்றது வரட்டும்."

"ஈரத்துல எப்படிண்ணே பிடிக்கும்? இருங்க, பாத்துடுவோம்."

கடைக்காரர் படகின் பின்பக்கம் ஒரு துண்டு டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று பிய்த்தார். டேப்பில் பொட்டு நீலம்கூட வரவில்லை. நடுவில் ஒட்டிப் பார்த்தார். அங்கேயும் அப்படியே.

"அண்ணே, இது காஞ்சு பல நாள் ஆச்சு. கல்லு மாதிரி இருக்கு. கெட்டி வேலைண்ணே, இதுக்கு மேல ஸ்டிக்கர் எதுக்கு?"

அவசரம் ஓடிப்போய் மூக்கு நுனியைத் தொட்டார். அதுவும் காய்ந்திருந்தது. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

அப்போதுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மச்சான் கையில் பிரஷ். மனைவி கையில் சின்ன டப்பா, அதில் கொஞ்சம் நீலம். இவரைப் பார்த்ததும் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"நான் வர்றதுக்கு முன்னாடி தினமும் இதுதான் நடக்குதா?"

மச்சான் அக்காவைப் பார்த்தான்.

"டாக்டர் ஒன்றரை மாசம் பாரம் இழுக்கக் கூடாதுன்னார்" என்றாள் அவள். "நீங்க ஆஸ்பத்திரி வாசல்லயே 'அவரு என்னைக்கு வலை இழுத்தாரு'ன்னு கேட்டீங்க. நான் சொன்னா கேக்கிற ஆளா? நடுக்கடல்ல தையல் பிரிஞ்சா யாருங்க தைக்கிறது? வினைல்னா மறுநாளே போயிடுவீங்க. பெயிண்ட்னா காயணும்ல."

படகுக்காரர் மச்சானைப் பார்த்தார். "பக்கத்துப் படகு வேலை போச்சேடா உனக்கு. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க அன்னைக்கே கடலுக்குப் போயிருப்பீங்க அத்தான்."

ஸ்டிக்கர் கடைக்காரர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

படகுக்காரர் போனை எடுத்துப் பக்கத்துப் படகுக்காரரை எழுப்பினார்.

"உன் படகை என் மச்சான்கிட்டயே குடு. சுத்தமான வேலை, கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம்."

"நீதானேய்யா காயவே மாட்டேங்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச? இப்ப காஞ்சிருச்சா? எப்போ கடலுக்கு?"

அவர் மனைவியின் கையிலிருந்த டப்பாவுக்குள் மெதுவாக விரலை விட்டு எடுத்துப் பார்த்தார்.

"இன்னும் ஈரமாத்தான்யா இருக்கு" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."