துணைவேந்தர் எடுத்த கைப்பிடி

பல்கலைக்கழக விடுதிக்குப் பின்னால், மண்ணுக்குள் ஒரு பானை ஓடு இரண்டாயிரம் வருஷமாக, யாராவது எடுத்துப் பார்க்க மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தது. பக்கத்திலேயே, போன வருஷம் மெஸ்ஸில் உடைந்த டீக் கோப்பையின் கைப்பிடி.

"பிள்ளைங்க குழி வெட்டுறாங்கடி. இன்னைக்கு எனக்கு விடிவுகாலம்!" என்றது ஓடு.

"ரொம்ப ஆசைப்படாதேக்கா," என்றது கைப்பிடி.

பத்து மணிக்கு மெர்லின் என்ற தொல்லியல் மாணவி பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளி, ஓட்டைக் கண்டுபிடித்தே விட்டாள்.

"சார், எழுத்து இருக்கு சார்!"

பேராசிரியர் பதறிப்போனார். "மூடும்மா, மூடு! முதல் பொருளைத் துணைவேந்தர் எடுப்பார்னு அழைப்பிதழ்லயே போட்டாச்சு."

மெர்லின் மூடினாள்.

துணைவேந்தர் ஒரு மணிக்கு வந்தார். பொன்னாடை சரியாமல், போட்டோவுக்கு வெளிச்சம் விழும் பக்கமாகக் குனிந்து, கைக்கு அகப்பட்ட கைப்பிடியை எடுத்தார். கைதட்டல் அடங்கவே இல்லை. கண்ணாடிப் பெட்டி வந்தது.

"சார், அந்த ஓடு?" என்றாள் மெர்லின்.

"இன்னைக்குக் கண்டுபிடிப்பு முடிஞ்சுதும்மா. குழியை மூடுங்க, பிரியாணி ஆறுது," என்றார் பேராசிரியர்.

பெட்டிக்குள் ஏறிய கைப்பிடிக்கே கூச்சமாகிவிட்டது. "அக்கா, வயசு கேட்டா என்ன சொல்லட்டும்?"

ஓட்டின் மேல் மண் விழுந்துகொண்டிருந்தது.

"என் வயசையே சொல்லிக்கோடி. எனக்கு இனிமே யாருகிட்ட சொல்லிக்க இருக்கு?"